இஞ்சின் ராவுத்தர் கேட்ட சொல்

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சங்கத்து வாசலில் உபகாரச் சம்பளம் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. ராஜபாளையத்திலிருந்து பருத்திப் பொதி ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் இறங்கி என்னிடம் வந்தார். "சுப்பையாண்ணே, நம்ம இஞ்சின் ராவுத்தர் மவுத்தாயிட்டாக. காலையில தொழுதுட்டு வந்து உக்காந்தவுக, அப்படியே சாஞ்சிட்டாகளாம்" என்றார். கையில் அப்போதுதான் வாங்கிய பணம் இருந்தது. அதை மடியில் முடியக்கூடத் தோன்றாமல் அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டேன்.

மீராசா ராவுத்தரை நம் ராஜபாளையத்துப் பருத்தி அரவை ஆலையில் வேலை பார்த்த எல்லோரும் அறிவீர்கள். இருபத்தெட்டு வருஷம் நீராவி இஞ்சின் ஓட்டியவர். அவர் இஞ்சினைக் கண்ணால் பார்த்து ஓட்டியதாக எனக்கு நினைவே இல்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். நல்ல பருத்திக் காலத்தில் ஒருநாள், காரணம் எதுவும் சொல்லாமல் இஞ்சினை நிறுத்திவிட்டார். மானேஜர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். ராவுத்தர் இஞ்சினில் ஓடிய பெரிய தோல்பட்டையை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார். தையல் விட்டு, ஒரு நூல் அளவில் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்திருந்தால் அதன் அடியில் பருத்தி தள்ளிக்கொண்டிருந்த என் தலை போயிருக்கும். "எப்படி மாமா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "அது சொல்லிக்கிட்டேதான் மாப்ளே இருக்கு. நாமதான் செத்த நேரம் பேசாம இருக்கணும்" என்றார். அன்று எனக்கு அவர் மீது உண்டான பிரமிப்பு இன்னும் தெளியவில்லை.

எங்களில் பழைய ஆட்கள் நாற்பது பேருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கியபோது ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று என்று இரண்டு ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. இரண்டும் எங்களை வா வா என்று அழைத்தன. ராஜபாளையத்துச் சங்கத்தில், வேலையை விடும் அன்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டுவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சங்கத்தில் மாதாமாதம் உபகாரச் சம்பளம், உயிர் இருக்கும் வரை. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வருவதற்குள் ஏதாவது ஒன்றில் கைநாட்டு வைத்தாக வேண்டும். வைத்தபின் மாற்ற முடியாது. எனக்கோ பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலடி நடந்தால் இரைக்கும். இன்னொரு பருத்திக் காலம் தாங்கமாட்டேன் என்று எனக்கே தெரியும். மொத்தமாகப் பணம் வந்தால் அது இரண்டு வருஷம் காணாது. அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரி ஆவுடையும் யார் வாசலில் போய் நிற்பது? ஒவ்வொரு நாளும் சோற்றில் கை வைக்கும்போது இதுதான் நினைவுக்கு வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சங்கத்து விதித்தாள் அச்சடித்து வந்தது. ராவுத்தருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தத் தாளை அவர் கேட்டது போல, படித்தவன் எவனும் படித்திருக்கமாட்டான். முதல் நாள் ஆலைக் கணக்கரை வாசிக்கச் சொன்னார். மறுநாள் மளிகைக்கடைக்காரரை. மூன்றாம் நாள் தபால்காரரை வழிமறித்து உட்கார வைத்தார். மூன்று முறையும் கண்ணை மூடி, இஞ்சினுக்குக் கொடுத்த அதே காதைக் கொடுத்தார். "ஒரே எழுத்துதான, எதுக்கு மாமா இம்புட்டுப் பாடு?" என்று நான் கேலி செய்தேன். "எழுத்து ஒண்ணுதான் மாப்ளே. வாய் மூணுல்லா?" என்றார்.

மூன்று வாயும் ஒன்றையே சொல்லின. 'மாதாந்தர உபகாரச் சம்பளம் சம்சாரிகளுக்கு மட்டுமே உரியது.' எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் யார்? நிலம் வைத்து வெள்ளாமை செய்கிறவர். குழந்தைகூடச் சொல்லும். ஆலையில் கிடந்து தூசி தின்கிற எங்களுக்கு ஒரு சாண் மண் ஏது? நாற்பது பேரில் ராவுத்தர் ஒருவருக்குத்தான் கூமாப்பட்டியில் ஒரு குறுக்கம், ஏக்கர் அளவுக்கு, நிலம் இருந்தது. ஆகவே கணக்கர் அந்த ஒரு பெயரை மட்டும் சம்சாரி என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார். "கொடுத்து வச்ச ஆளு மாமா நீரு. சம்சாரி!" என்று சொல்லிச் சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. ராஜபாளையத்துச் சங்கத்திலேயே கைநாட்டு வைத்துவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன். ஆவுடை சோற்றை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. அது ஏசியிருந்தால்கூடத் தேவலை.

ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. "உழுதவனுக்கு எதுக்குலே ஆலைச் சங்கம் சம்பளம் குடுக்கான்? சத்தம் சரியில்ல மாப்ளே. நான் போயி கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் ஒருத்தனும் மையில விரலை வைக்கக் கூடாது" என்றார். தேருக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஏழெட்டு மைல் என்றும் பாராமல் அந்த வெயிலில் சங்கத்துக்கு நடந்தே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள். சங்கத்துக் காரியதரிசி கும்பகோணம் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விதிகளை எழுதியவர் அவர்தான். அவர் ஊரில் சம்சாரி என்றால் பெண்டாட்டி உள்ளவன், குடும்பஸ்தன். நிலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! குடும்பஸ்தன் கண்ணை மூடினால் அவன் மனைவிக்கும் அந்தச் சம்பளம் தொடரும் என்றும் தாளில் எழுதி வாங்கி வந்திருந்தார். எங்களில் முப்பத்தொன்பது பேரும் பெண்டாட்டி உள்ளவர்கள். நான் அழுதே விட்டேன். ஆவுடை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அண்ணன் நல்லா இருக்கணும்" என்று அவர் நின்ற திசையைப் பார்த்துக் கும்பிட்டது.

மறுநாள் ராவுத்தர் ராஜபாளையத்துச் சங்கத்தில் கைநாட்டு வைத்தார். நாங்கள் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைக்க, அவர் மட்டும் அங்கே போனது எனக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ப் பாசமாக்கும்?" என்று குத்தலாகக் கேட்டேன். "ஆமா மாப்ளே, நமக்கு அதுதான் நடக்கத் தோது" என்று சிரித்தார். நாங்கள் வேலையை விட்டோம். அவரும் விட்டார், ஆனால் இரண்டே வருஷத்தில் மீண்டும் வந்து இஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டார். போன வாரம் வரை நின்றார். இரும்பை விட்டுப் பிரிய மனுஷனுக்கு மனசில்லை என்று பேசிக்கொண்டோம். அவருடைய மனைவி காலராவில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகளும் இல்லை என்பது எங்களில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

அடக்கத்துக்குக் காரியதரிசியும் வந்திருந்தார். மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது என்னிடம் சொன்னார். அன்று ராவுத்தர் கேட்கப் போனபோது, சம்சாரிகள் பட்டியல் காரியதரிசியின் மேஜை மேல்தான் இருந்ததாம். அதில் இருந்தது ஒரே பெயர், ராவுத்தருடையது. அர்த்தம் தெரிந்ததும் ராவுத்தர் முதலில் சொன்னது, "அப்ப என் பேரை அடிச்சிருங்க சாமி. எனக்கு வீட்டுல ஆளில்ல" என்பதுதானாம். காரியதரிசிக்கே மனம் கேட்கவில்லை. "யாரும் கேக்கப் போறதில்லை. எழுதினது எழுதினபடி இருந்துட்டுப் போகட்டுமே" என்றாராம்.

"அதெப்படி சாமி? ஒரே சொல்லு எனக்கு ஒரு அர்த்தம், அவுகளுக்கு ஒரு அர்த்தமா? அடிச்சிட்டு, அந்த முப்பத்தொம்பது பேரை எழுதுங்க. நான் செத்த நேரம் இருந்து கேட்டுட்டே போறேன்."

ராவுத்தர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயராகக் காரியதரிசி எழுதித் திரும்ப வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பெயர் வரை கேட்டிருக்கிறார். என் பெயர் முதலில் இருந்ததாம். இஞ்சின் ஓட்டத் தெரிந்த ஆள் என்று மட்டும் அவரை இத்தனை வருஷம் வியந்துகொண்டிருந்தேனே என்று நினைத்துக்கொண்டு அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ளப் பொருள் எதுவும் இல்லை. கூமாப்பட்டி நிலத்தை அவர் முன்பே அக்காள் மகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் மாதம் பிறந்ததும் சங்கத்து வாசலில் நான் போய் நிற்பேன். காரியதரிசி பட்டியலைப் பார்த்து, "சம்சாரி சுப்பையா" என்று கூப்பிடுவார். ஒரு சாண் மண் இல்லாத நான் கையை நீட்டுவேன். அந்தப் பெயர் ராவுத்தருடையது. நான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பின் ஆவுடை வைத்துக்கொள்ளும்.