தொண்ணூற்றாறில் நின்ற திரை

குன்னத்து அறிவரசனைத் திறமைசாலி என்று சொல்லாதவர்கள் எங்கள் கம்பெனியில் கிடையாது. நானும் சொன்னேன். அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

நான் மர்வா, ஊர் லெப்பைக்குடிக்காடு. அவரும் நானும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். படுக்கையருகே நாடித் துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் மானிட்டரின் எல்லா வேலைகளையும் அடியிலிருந்து நடத்தும் கெர்னல் நிரலை அவர் எழுதுவார், நான் சரிபார்ப்பேன். அறிவரசன், அப்பா ராசாங்கம் அடுத்தவர் காட்டில் மக்காச்சோளக் கதிர் ஒடித்துப் படிக்கவைத்த பிள்ளை. தன் வேலையில் குறை என்று ஒருவரும் கைநீட்டக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறி உண்டு.

நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும். ஒரு தகவலை ஒரு சமயத்தில் அவற்றில் ஒன்றுதான் தொடலாம். தொடுமுன் அதன் பூட்டைத் தன் கையில் எடுக்க வேண்டும், முடிந்ததும் விட வேண்டும். இரண்டு பூட்டு தேவையென்றால் எல்லா வேலைகளும் ஒரே வரிசையில் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் கையில் முதல் பூட்டு, இன்னொன்றின் கையில் இரண்டாவது. விட்டுக்கொடுக்க எதற்கும் தெரியாது. இரண்டும் காலத்துக்கும் காத்துக் கிடக்கும்.

கரண்ட் போனால் ஓடும் வேலை, முதலில் பேட்டரிப் பூட்டை எடுத்துவிட்டுத் திரைப் பூட்டுக்குப் போகும்படி அறிவரசன் எழுதியிருந்தார். அலாரத்தை நிறுத்தும் பட்டனின் வேலையோ திரைப் பூட்டை எடுத்துவிட்டுப் பேட்டரிப் பூட்டுக்குப் போனது. வரிசை தலைகீழ் என்று சோதனைக் கருவி எச்சரித்தது.

"இது ரெண்டும் ஒரே நேரத்துல எங்க ஓடப்போவுது மர்வா?" என்று அந்த எச்சரிக்கையை அடக்கிவைத்தார். நானும் சரி என்று தட்டிவிட்டேன்.

தினமும் கரண்ட் போகிற ஊர்க்காரர்கள் நாங்கள். கரண்ட் போன நொடியில் மானிட்டர் கத்தும். கத்தியதும் யாராக இருந்தாலும் அந்தப் பட்டனைத்தான் அமுக்குவார்கள். இது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில், ஒரு மத்தியானம் அதுதான் நடந்தது. நர்ஸ் வெற்றிச்செல்வி பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். திரை, ஆக்சிஜன் தொண்ணூற்றாறு என்று காட்டியபடியே நின்றுவிட்டது, அலாரமும் மறுபடி கத்தவில்லை. எல்லாமே நின்றால்தான் கருவி தன்னைத்தானே மறுபடி தொடங்கும், மற்ற வேலைகள் ஓடியதால் அதுவும் நடக்கவில்லை. பதினொரு நிமிடம் கழித்துத்தான் கட்டிலில் கிடந்த பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்ததைக் கண்டார்கள். அதற்குள் உயிர் போயிருந்தது.

"சிஸ்டர் கவனிக்கலன்னு எழுதி முடிச்சிடுங்க" என்றார் எங்கள் மேலாளர் கோகுலகிருஷ்ணன். அப்படி எழுதினால் வெற்றிச்செல்விக்கு வேலை போகும், போலீஸ் வழக்கும் வரும். எனக்குப் பயம், வாயைத் திறக்கவில்லை. அறிவரசன் அந்த இரண்டு பூட்டுகளையும் வரி எண்களையும் தன் பெயரையும் எழுதி, மருத்துவமனைக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். என் பெயரை அவர் எழுதவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெற்றிச்செல்வி மேல் வழக்கு வரவில்லை. நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அறிவரசன் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் அந்த பட்டன அமுக்காம இருந்திருந்தா, சார்?"

ஒரு பொய் சொல்லுங்கள் அறிவரசன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"திரை நின்னிருக்காதுங்க சிஸ்டர்" என்றார். "ஆனா அமுக்குறதுக்குத்தான அத வச்சோம். தப்பு என்னுது."

"என்னுதும்தாங்க. நாந்தான் சரின்னு தட்டிவுட்டேன்" என்றேன். அந்தப் பேச்சு எனக்கு அப்போதுதான் வந்தது, அதுவும் யாருக்கும் பிரயோசனப்படாத நேரத்தில்.

வெற்றிச்செல்வி எங்களைப் பார்க்கவில்லை. "நாந்தான அமுக்குனேன், நாந்தான அமுக்குனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.