முந்நூற்று நாற்பத்தேழு பலகைகள்

மெர்வின் டூபிக் வலது காலை முக்காலிமேல் நீட்டிவைத்தபடி ஆளுங்கட்சியின் துண்டறிக்கைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். கணுக்காலுக்கு மேலே இருக்கும் புண்ணை நான் கழுவும்போது முகம் சுளிக்க மாட்டார். இரண்டாவது பத்தியில் ஆதாரமில்லாமல் ஒரு புள்ளிவிவரம் வந்தால் சுளிப்பார். பத்துக்கு நான்கு. ஓரத்தில் சிவப்பு மையில், 'இன்னும் முயற்சி தேவை.' அடுத்தது அவருடைய கட்சியின் அறிக்கை. அதற்கு ஆறரை. பாரபட்சம் பார்க்காத மனிதர். அந்த அறிக்கையை எழுதியவரும் அவரே.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றுவது என் வேலை. கனடாவின் சாஸ்கட்சவன் மாகாணத்தில் மற்றவர்கள் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். நான் காலிலிருந்து அறிந்தவள். நடக்காதே, காலைத் தூக்கி வை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளையும் அவர் திருத்தி வைத்திருந்தார்.

ஆல்டர்விக் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்பு எடுத்தவர். இந்த ஊரில் இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் எல்லோரும் அவரிடம் பின்னம் படித்தவர்கள், அல்லது படிக்கத் தவறியவர்கள். யார் எந்த வகை என்று அவருக்கு நினைவிருக்கும். வங்கிக் கிளை மேலாளரை நடுத்தெருவில் நிறுத்தி, "உனக்குப் பொதுப் பகுதியே வராதே, இப்ப எப்படி சமாளிக்கிற?" என்று அக்கறையோடு விசாரிப்பார். வாக்குச் சேகரிப்பதில் அது அவருடைய தனிப் பாணி.

ஓய்வு பெற்றதும் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றார். எதிர்த்து யாரும் நிற்காததால் மகத்தான வெற்றி. அந்த உற்சாகத்தில் நடுவழிக் கட்சியில் சேர்ந்தார். மாகாணத்தில் மூன்று பெரிய கட்சிகள் என்று சொல்வது வழக்கம். இரண்டு பெரியவை, மூன்றாவது இவர்களுடையது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். மற்றவர் நடுவில் ஆல்பர்ட்டாவுக்குக் குடிபெயர்ந்துவிட, மெர்வின் தலைவரானார். மறுநாள் கூட்டுறவுக் கடையில் காலைக் காப்பிக்கு உட்காரும் விவசாயிகள் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். மரியாதைக்காக என்று அவர் நினைத்தார். ஏழாம் வகுப்பில் பழகிய பழக்கம்.

தலைவர் என்றாலும் சட்டமன்றத்தில் அவருக்கு இடம் கிடையாது. இரண்டு பொதுத் தேர்தல்களில் நின்று தோற்றிருந்தார். கட்சிக்கு இருந்த இரண்டு உறுப்பினர்கள் கீழே உட்கார்ந்திருக்க, தலைவர் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து அவர்களுக்குச் சீட்டு எழுதி அனுப்புவார். ஒருநாள் கீழே கூச்சல் அதிகமானபோது எழுந்து நின்று, "நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அவை ஒரு நிமிடம் உண்மையிலேயே அமைதியானது. பிறகு காவலர் வந்து அவரை வெளியே கூட்டிப்போனார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர், தாழ்வாரத்தில் நின்று அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டார்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் தொகுதிக்கே இடைத்தேர்தல் வந்தது. கட்சிச் செயற்குழு அவரிடம் நாகரிகமாகச் சொல்லிவிட்டது: இதில் ஜெயித்தால் தலைவர், தோற்றால் மறுநாள் ராஜினாமா. மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. தலைமை போனால் அந்த வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட மருந்துக்கடை ஒன்றுதான் மிச்சம். அதை அவர் சொல்லவில்லை. நான் இருக்கும் அரைமணி நேரத்தில் நான்கு முறை மணி அடிக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டாவது மணிவரை பொறுத்திருந்துவிட்டுத்தான் எடுப்பார். முதல் மணியிலேயே எடுத்தால் காத்திருந்த மாதிரித் தெரியுமாம்.

எதிர்த்து நின்றவர் கார்லா ஃப்ரீசன், ஆளுங்கட்சி. விவசாய இயந்திரக் கடை வைத்திருப்பவர். அவரும் மெர்வினின் மாணவிதான். "கெட்டிக்காரி, ஆனா கணக்குப் போட்ட வழியக் காட்டவே மாட்டா. விடைய மட்டும் எழுதுவா" என்று குறைப்பட்டுக்கொண்டார். அறுவடைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நின்றுபோனால், உதிரிப் பாகத்தோடு வயலுக்கே வண்டி ஓட்டி வருகிற பெண். வழியைக் காட்டச் சொல்லி யாரும் அவரைக் கேட்பதில்லை.

மெர்வின் தன் பிரச்சாரத்தைப் புல்தரைப் பலகைகளில் நடத்தினார். நீலப் பின்னணி, அவர் படம், கீழே 'கவனமாக யோசியுங்கள்.' கதவைத் தட்டுவார், படித்த வருடத்தைச் சொல்வார், உன் வாசலில் ஒரு பலகை வைக்கலாமா என்று கேட்பார். எங்கள் ஊரில் யாரும் யார் முகத்துக்கு நேரேயும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பனிக்காலத்தில் யார் வண்டி யாரைப் பள்ளத்திலிருந்து இழுக்க வேண்டிவரும் என்று யாருக்குத் தெரியும். அதிலும் கேட்பது ஏழாம் வகுப்பு வாத்தியார். இரண்டு வாரத்தில் ஊரே நீலமானது. கார்லாவின் அம்மா வீட்டு வாசலிலும் ஒன்று நின்றது. மகளுக்கு ஒன்று, சாருக்கு ஒன்று.

முந்நூற்று நாற்பத்தேழு பலகைகள். வீட்டுக்கு இரண்டு வாக்கு என்று பெருக்கி, அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று குளிர்பெட்டிமேல் எழுதி ஒட்டினார். கார்லாவின் அம்மா வீட்டுக்கு மட்டும் ஒன்றாகக் குறைத்து, அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. அந்த அளவுக்கு எதார்த்தவாதி.

கட்சி அலுவலகத்திலிருந்து டெனீஸ் என்ற பெண் வந்து, பலகைக்கு வாக்குரிமை கிடையாது என்று அவருக்கு மூன்று விதமாக விளக்கிப் பார்த்தார். அவர் அந்தப் பெண் கொண்டுவந்த தொகுதி வரைபடத்தில் அளவுகோல் குறிக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டினார்.

நானும் சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் கூட்டுறவுக் கடையில் லார்ன் பாஷ்கோ தன் மேசைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். லார்ன் கடைசித் தெருக்கோடியில் இருப்பவன், ஐம்பது வயது, ஆயிரம் ஏக்கர் கோதுமை. "ஏழாங்கிளாஸ்ல என்னைய ரெண்டு வருஷம் உக்கார வெச்ச மனுசன் வாசல்ல வந்து நிக்கிறாரு. கால் வேற வீங்கியிருக்கு. மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? ஆனா ஓட்டுன்னா கார்லாவுக்குத்தான்." மேசையில் இருந்த மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஆறு பேர் வாசலிலும் நீலப் பலகை.

பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் மெர்வினிடம் சொன்னேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "சிஸ்டர், முப்பத்தொரு வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன். விடை தெரியாதவன் கை தூக்க மாட்டான்."

சொல்லிவிட்டு அன்று மாலையே இன்னும் நாற்பது வீடு நடந்தார். பிரச்சாரம் தொடங்கியபோது கால் டாலர் நாணயம் அளவிருந்த புண், முடியும்போது இரண்டு டாலர் நாணயம் அளவானது. அந்தத் தேர்தலில் அவர் பெற்ற ஒரே வளர்ச்சி அதுதான்.

திங்கட்கிழமை வாக்குப்பதிவு. ஆல்டர்விக்கில் அவருக்கு விழுந்தது இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. கார்லாவுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு. கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பலகையும் குறைவு. ஊருக்குள் தன் பலகையைவிடக் குறைவாக வாக்கு வாங்கிய வேட்பாளர் அவர்தான் என்று கூட்டுறவுக் கடையில் கண்டுபிடித்தார்கள். பெருமையோடுதான் சொன்னார்கள்; என்ன இருந்தாலும் நம் ஊர்க்காரர்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் போனபோது மேலங்கி போட்டுக்கொண்டு தயாராக நின்றார். ராஜினாமாக் கடிதம் எட்டு மணிக்கே போய்விட்டதாம். பலகைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும், சட்டப்படி ஒரு வாரம் இருக்கிறது, ஆனால் அவர் எதையும் கடைசி நாளுக்கு விடுபவர் இல்லை. முதலில் கட்டு என்றேன். கட்டினேன். அந்தக் காலோடு அவர் வண்டி ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை என்பதால் நானே ஓட்டினேன்.

ஊர் எங்களுக்கு முன்பே எழுந்திருந்தது. வீட்டுக்கு வீடு பலகைகளைப் பிடுங்கி, மண்ணைக் கழுவித் துடைத்து, கம்பிகளைத் தனியே கட்டி வாசல்படியில் வைத்திருந்தார்கள். வங்கி மேலாளர் ஊறுகாய் ஜாடி கொடுத்தார். கார்லாவின் அம்மா ஒரு பெட்டி பெரோகிக் கொழுக்கட்டை கொடுத்து, உறையவைத்தது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள் என்றார். எல்லோருக்கும் வருத்தம். எல்லோரும் அவருக்கே போட்டதாகச் சொன்னார்கள். மதியத்துக்குள் அவர்கள் சொன்ன கணக்குப்படி அவர் ஜெயித்திருந்தார். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நடுவில் ஒருமுறை மட்டும், "எழுபத்தஞ்சு வீட்டுல எழுபத்தஞ்சு பேரும்" என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை நான் கேட்டது அன்றுதான்.

ஆள் இல்லாத வீடுகளை மறுநாளைக்கு விட்டுவிட்டு, கடைசியாக லார்ன் வீட்டுக்குப் போனோம். அவன் வாசலில் மட்டும் பலகை இன்னும் நின்றது, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து. லார்ன் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வருத்தம் சொல்லவில்லை.

"சார், நான் உங்களுக்குப் போடல. கார்லாவுக்குத்தான் போட்டேன்."

மெர்வின் சாய்ந்து நின்ற பலகையைக் காட்டினார். "பின்ன பலகைய எதுக்குப்பா வெச்ச?"

"நீங்க கேட்டீங்க."

சாலையில் ஒரு தானிய லாரி கடந்து போனது. பிறகு மெர்வின், சரி எடுத்துக்கொள்கிறேன் என்று பலகைப் பக்கம் நகர்ந்தார். லார்ன் வழிமறித்தான்.

"இருக்கட்டும் சார். அடுத்த தடவ வந்து நடுற வேல மிச்சம்."

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. கடிதம் போய் ஆறு மணிநேரம் ஆகிவிட்டது. மெர்வின் பலகை அருகே குனிந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திரும்பி வந்து, நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு நேராகத் தெரியும்படி, அதை இன்னும் சற்று இடப்பக்கம் திருப்பிவைத்தார்.