செல்வி பேரைச் சொல்லித் தைத்தது

நேற்று மெர்லின் அனுப்பிய துணிப் பை வந்து சேர்ந்தது. திறந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது. நான் செய்த முதல் காரியம், பையின் வாயை மூடி முடிச்சுப் போட்டு, கண்ணில் படாமல் பீரோவுக்குப் பின்னால் தள்ளியதுதான். தள்ளிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

சிரிக்காதீர்கள். துணியைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை நான். அடையாறில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும், சாப்பாட்டு மேஜையில் நாங்கள் சாப்பிட்டே ஆறு மாதமாகிறது. அதில் தையல் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பெரிய கட்டிலுக்கு ஒரு ஒட்டுப் போர்வை பாதியில் நிற்கிறது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் அவருடைய கோடு போட்ட ஆபீஸ் சட்டைகளை எல்லாம் திண்டு உறையாக்க ஆரம்பித்தேன். இப்போது அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம், “நான் போட்டுக்க ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டுத்தான் பீரோவைத் திறக்கிறார். போன வாரம்கூட பாண்டி பஜாரில் நீலத்தில் அச்சுப் போட்ட துணி பார்த்தேன், பார்த்த கையோடு வாங்கினேன், வந்த கையோடு நனைத்து உலர்த்தி வெட்டியும் விட்டேன். கத்திரிக்கோல் எடுத்தால் எனக்குக் கை கூசாது.

மெர்லின் அனுப்பியதுதான் வேறு. மஞ்சளில் வெள்ளை வாத்துகள், வெளிர்பச்சையில் யானைக்குட்டிகள், அடியில் வைத்துத் தைக்க மெல்லிய மல் துணி. மெர்லின் என் சிநேகிதி ஸ்டெல்லாவின் மகள். இப்போது ஏழு மாதம். போனில் பேசினாள். “ஆன்ட்டி, டெலிவரிக்கு முன்னாடியே முடிச்சுக் குடுத்துடுங்க, ப்ளீஸ். பேபி ரூம் ரெடி பண்ணிட்டோம். தொட்டில்ல விரிச்சு போட்டோ எடுக்கணும்.”

தொட்டிலும் வந்துவிட்டதாம். நான் “சரிம்மா” என்றேன். வேறென்ன சொல்வது? அவள் பிறந்த கதையை அவளிடம் சொல்ல முடியாது. அவள் அம்மாவிடமே இத்தனை வருஷமாக நான் சொன்னதில்லை.

கஞ்சி வாசனைக்குள் எனக்கு எப்போதும் உப்புக் காற்றும் கலந்துதான் வரும். சாந்தோமில் கடலை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சராகச் சேர்ந்தது இருபத்து மூன்று வயதில். தையல் அறை மாடியில், கடல் பக்கம். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் எட்டு மெஷின் ஊசியும் துருப்பிடித்திருக்கும். பிள்ளைகளின் வெள்ளைக் கைக்குட்டையில் துருக்கறை படிந்து, அதற்கு நான் திட்டு வாங்கி, அப்புறம் ஊசிகளை எல்லாம் எண்ணெயில் நனைத்த துணியில் குத்தி வைக்கப் பழகினேன். மற்ற டீச்சர்களுக்குத் தையல் டீச்சர் என்றால் கொஞ்சம் இளக்காரம். ஜாக்கெட்டில் கொக்கி போய்விட்டால் மட்டும் என் ஞாபகம் வரும். கணக்கு டீச்சர் ஸ்டெல்லா ஒருத்திதான் கொக்கி போகாத நாளிலும் மாடிக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு தடவை தவறிப்போயிருந்தது. ஒன்று ஐந்தாம் மாதம். இன்னொன்று பிறந்து, ஒரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது தடவை வயிறு தெரிய ஆரம்பித்தபோது பள்ளிக்கூடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அதில் எல்லோரும் ஒரே கட்சி. எத்தனை மாதம் என்று கேட்க மாட்டார்கள், பெயர் யோசித்தாயா என்று கேட்க மாட்டார்கள். அவள் மாடிப்படி ஏறினால் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் ஏறி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை கையில் வரும் வரைக்கும் அதற்கென்று ஒரு பொத்தான்கூட வாங்கக் கூடாது. இதையெல்லாம் நானும் அறிந்தவள்தான். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனாலும் அப்போது எனக்கு மண்டைக்கனம். பள்ளி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுத் தையல் பத்திரிகை கிடந்தது. அந்த ஊர்களில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் சிநேகிதிகள் கூடி உட்கார்ந்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒட்டுப் போர்வை தைப்பார்களாம். படத்தோடு போட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பளம் வந்த சனிக்கிழமை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு கட் பீஸ் கடையில் குவியலுக்குள் கைவிட்டுத் துழாவி, அழகழகான பருத்தித் துண்டுகள் எடுத்தேன். அதிலும் ஒரு மஞ்சள் இருந்தது. வாத்து இல்லை, சின்னச் சின்னப் புள்ளி. நனைக்கக்கூட இல்லை. மொடமொடப்பு போனால் வெட்டு நேராக வராது என்று அப்படியே வெட்டினேன். எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு சதுரம். மதிய இடைவேளையில் ஸ்டெல்லா வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்து, அலமாரியில் ஒளித்து வைத்தேன்.

அதைப் பார்த்தது அஞ்சலை. பள்ளி ஆயா. ஆயா என்றதும் வயசானவள் என்று நினைத்துவிடாதீர்கள், என்னைவிட ஒரு வயது சின்னவள். பக்கத்துக் குப்பத்தில் வீடு, புருஷன் கடலுக்குப் போகிறவர், செல்வி என்று இரண்டு வயதுப் பெண். கூட்ட வந்தவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

“இன்னா டீச்சர் இது?”

“போர்வை. ஸ்டெல்லா டீச்சர்கிட்ட சொல்லிடாத, சர்ப்ரைஸ்.”

“புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே தச்சிக்கினு கீறியே! அதுவும் நனைக்காத கோடித் துணில? அந்தம்மாவுக்கு ரெண்டு போயிருக்கு, தெரியும்ல உனக்கு?”

“போ அஞ்சலை. துணி என்ன பண்ணும்?”

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அறையைக் கூட்டாமலே போய்விட்டாள். நான் தனியாகச் சிரித்துக்கொண்டு கடைசி வரிசையையும் மூட்டி முடித்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா பள்ளிக்கு வரவில்லை. பத்து மணிக்குச் செய்தி வந்தது. இரவிலிருந்து உதிரப்போக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், எட்டாம் மாதம் தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார்கள்.

நான் அதுவரை அப்படிப் பயந்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை. காலுக்குக் கீழே தரை குளிர்ந்துபோன மாதிரி இருந்தது. வராந்தாவில் அஞ்சலை எதிரே வந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். துணி என்ன பண்ணும் என்று கேட்ட நானே மாடிக்கு ஓடினேன். கதவைத் தாழ் போட்டேன். பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

பிரிப்பது தைப்பதைவிட மெதுவான வேலை. நூலை மட்டும் அறுக்க வேண்டும், துணியில் படக் கூடாது. ஒரு வரிசை பிரித்தேன், இரண்டு பிரித்தேன். நாலாவது வரிசை மடியில் உதிர்ந்தபோது திடீரென்று ஒன்று தோன்றியது. தைத்ததால் இது வந்ததென்றால், பிரித்தால் என்ன ஆகும்? அந்தக் குழந்தைக்கென்று சேர்த்த ஒன்றை நானே என் கையால் துண்டு துண்டாக்கிக்கொண்டிருக்கிறேனே? பிளேடு கையில் அப்படியே நின்றுவிட்டது. மடியில் முப்பத்திரண்டு துண்டு, மேஜையில் பாதிப் போர்வை. தைக்கவும் பயம், பிரிக்கவும் பயம். படித்தவள், பத்திரிகை பார்த்துத் தைத்தவள், வாய்விட்டு அழுதேன்.

அஞ்சலை கதவைத் தட்டினாள். தாழை நீக்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள்.

“பிரிக்காத டீச்சர். அதுவும் தப்பு.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். “அந்தப் புள்ளைக்குனு தச்சதாலதான தப்பு? இத்த எம் பொண்ணுக்குனு தச்சதா வச்சிக்க. பிரிச்சத திரும்ப மூட்டு. தைக்கசொல்ல செல்விக்கு, செல்விக்குனு சொல்லிக்கினே தை. நான் ஊட்டுக்கு எட்துக்கினு போயிட்றேன்.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மெஷினில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் செல்விக்கு, செல்விக்கு என்று வாய்விட்டுச் சொல்லித் தைத்தேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி போனாள்.

அந்த வாரம் முழுக்க ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருந்தாள். நான் சாயங்காலம் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எட்டாம் நாள் அஞ்சலை வேலைக்கு வரவில்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. செல்விக்குக் காய்ச்சல், அனலாகக் கொதிக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டு வந்தேன் போலிருக்கிறது. பள்ளியிலிருந்து குப்பம் ஐந்து நிமிட நடை. போய், “அஞ்சலை, அதைக் கொடுத்துவிடு, நான் எடுத்துக்கொண்டு போகிறேன்” என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. மாடி ஜன்னலில் நின்று குப்பத்துக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வையைத் திரும்ப வாங்கினால் அந்தக் கெடுதல் மறுபடியும் ஸ்டெல்லாவின் பிள்ளைக்குப் போய்விடுமே என்று பயம். அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் அப்படி நினைத்துக்கொண்டு சோறும் தின்றேன்.

மூன்றாம் நாள் அஞ்சலை வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. “எறங்கிடிச்சி டீச்சர்,” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. “அதும் மேலதான் படுத்துக்கினு இருந்தா.” அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் ஸ்டெல்லாவுக்குப் பெண் பிறந்தது. உள்ளங்கை அகலம்தான், ஆனால் கத்தியதாம். பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று அஞ்சலை போர்வையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. எத்தனை தடவை துவைத்தாளோ, எத்தனை வெயிலில் போட்டாளோ, மஞ்சள் வெளுத்துச் சந்தன நிறமாகியிருந்தது. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. உப்பும் மீனும் கலந்த வாசனை லேசாக. “இப்ப இது செல்வியோட பழைய துணி. தாராளமா குடு,” என்றாள். ஸ்டெல்லா வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “எவ்ளோ மெத்துன்னு இருக்குடி! எங்கடி கிடைச்சுது?” என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மெர்லின் மூன்று வயது வரை அதை விட்டுத் தூங்கியதில்லை.

அந்தத் தையல் அறை இப்போது கம்ப்யூட்டர் அறை. கடல் பக்கத்து ஜன்னலை அடைத்து ஏ.சி. வைத்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்ட சில வருஷத்தில் குப்பத்தில் அஞ்சலை இருந்த வரிசை வீடுகளை எடுத்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே எங்கேயோ அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அஞ்சலையும் போனாள் என்று கேள்வி. எந்த இடம் என்று விசாரித்தேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் விடாப்பிடியாக விசாரிக்கவில்லை. அவள் முகத்துக்கு நேராக நின்று அந்த இரண்டு நாளைப் பற்றி என்ன பேசுவது? துண்டுகளைப் பார்த்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் பயமாக இருந்திருக்கும். அதை நான் கேட்கவே இல்லை.

இன்று காலை பையை வெளியே எடுத்தேன். எல்லாத் துணியையும் நனைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, பால்கனியில் உலர்த்தி, வெட்டினேன். பெரிதாகத்தான் தைக்கப்போகிறேன். முடிந்ததும் என் கட்டிலில் விரித்து, பிரசவம் ஆகும் வரை நானே அதன்மேல் படுப்பேன், தினமும் துவைப்பேன். வருவது எதுவானாலும் என்மேல் வரட்டும். போட்டோவுக்கு என்ன செய்வது என்று மெர்லினிடம் பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “வாத்து மேலயா தூங்கப்போற?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

மெஷினில் உட்கார்ந்து, என் பேரையே சொல்லிச் சொல்லித் தைக்கிறேன். சொந்தப் பேரைத் தானே சொல்வது விநோதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல் வேகம் பிடித்து, மனம் எங்கேயோ போகிற நேரத்தில், வாயிலிருந்து தானாகச் செல்விக்கு என்று வந்துவிடுகிறது. அவளுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும், எங்கே இருக்கிறாளோ, அவளுக்கும் பிள்ளைகள் இருக்குமோ என்னவோ. வெடுக்கென்று பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். அந்த வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு, முதலிலிருந்து தைக்கிறேன்.