மண்ணுக்குள் இருக்கும் கட்டை

சுவிஸின் சோலோதுர்ன் நகரில் ஓர் உணவகத்தில் வேலையும் தங்கிய அறையும் ஒன்றாகப் பறிபோனதால், பையோடு கிளம்பி நடந்துகொண்டிருந்தேன். இரவு எங்கே படுப்பது என்று தெரியவில்லை. பேர்ன் நகரம் வந்ததும், குளிர் தாங்காமல் ஒரு தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தேன். பல தண்டுகள் கொண்ட யூக்கலிப்டஸின் முன் ஒரு தமிழ்த் தாயும் சின்ன மகளும் நின்றார்கள்.

“அம்மா, ஏன் இத்தனை மரம்?”

“ஒரே மரம்தான். காட்டுத்தீ மேல எரிச்சாலும் மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கும். அதிலயிருந்து திரும்பத் தடிதடியா முளைக்கும்.”

“அவிச்சுச் சம்பலோட சாப்பிடலாமோ?”

மண்ணுக்கு மேல் புடைத்துத் தெரிந்த அடிப்பாகத்தை விரலால் தட்டிக் காட்டினேன். “கிழங்கில்லை, பிள்ளை, மரக்கட்டை. பல்லு உடைஞ்சிடும்.”

தாய் சிரித்தார். பிறகு என் பையைப் பார்த்தார். “அண்ணைக்கு வேலை இருக்கோ?”

“நேற்றோட போச்சுது.”

“என்ர மனுசனோட துப்புரவு வேலைக்கு ஆள் தேவை. படுக்க இடமும் பார்ப்பார். வாறியளோ?”

“ஓம்.”

மறுநாள் காலை பேர்னின் பூம்ப்ளிஸ் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவத் தொடங்கினேன்.