சீட்டில்லாக் கடையில் என் மருமகள்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி என்று ஆரம்பித்து, இன்று மூன்று இயந்திரமும் ஐந்து ஆளுமாகச் சலவைக் கடை நடத்துகிறேன். யார் தயவும் இல்லை. மற்ற கடைகளில் துணி போட்டால் எண் எழுதிய சீட்டு கொடுப்பார்கள். என் கடையில் கிடையாது. வாடிக்கையாளரின் முகம்தான் சீட்டு. முப்பத்தாறு வருஷமாக இதைச் சொல்லித்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.

அதில் கடைசிப் பதினேழு வருஷம் கவுண்டரில் இருப்பவள் என் மருமகள். வயது நாற்பத்துமூன்று. உள்ளே இஸ்திரி மாஸ்டர் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து "யாருது?" என்று கத்துவார். இவள் ஓரக்கண்ணால் பார்த்தே சொல்லுவாள்.

"பல் டாக்டர்."

"இது யாருது?"

"சண்டைக்கார டீச்சர். பாக்கெட்ல மை இருக்கும் பாருங்க."

மை இருக்கும்.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள், மாஸ்டர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நீலச் சட்டை. எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவருடையது. எனக்கே தெரியும். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருதுதான்… அந்த இது… எதிர்ல இருக்கிற இதுல இருப்பாரே…"

"என்னம்மா, விடுகதை போடுறீங்களா?" என்று மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து இதே கூத்து. கஞ்சி போடச் சொன்ன துணிக்குக் கஞ்சி வேண்டாம் என்பாள். ஹேங்கர் எடுக்க உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பி, "நான் எதுக்கு மாமா உள்ளே போனேன்?" என்று என்னையே கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? மறுநாள் பார்த்தால் பழையபடி பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். அதுதான் என்னைக் குழப்பியது. கெட்டுப்போன இயந்திரம் என்றால் கெட்டுத்தானே கிடக்க வேண்டும்? அரை நாள் ஓடி அரை நாள் நிற்பதை எந்த இடத்தில் கழற்றிப் பார்ப்பது?

மகனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாடா?"

"சண்டை எதுக்குன்னு அவளுக்கு ஞாபகம் இருந்தாத்தானேப்பா" என்றான்.

அப்புறம்தான் கோட்டு மாறியது. வக்கீலின் கறுப்புக் கோட்டு வயலின் வாசிக்கிறவரிடமும், வயலின்காரரின் கறுப்புக் கோட்டு வக்கீலிடமும் போய்விட்டன. வயலின்காரர் ஆறடி. வக்கீல் என் தோளுக்குத்தான் வருவார். "உங்க கை எங்கே வக்கீல் சார்னு நீதிபதியே கேக்குறாருய்யா!" என்று அவர் கவுண்டரில் நின்று கத்தினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நான் அன்று கேட்டேன்.

அந்தச் சூட்டில் மருமகளிடம் சொல்லிவிட்டேன். "நாளையிலேருந்து நீ உள்ளே மடிக்கிற வேலையைப் பாரும்மா."

அவள் அழுக்குத் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"மாமா, எங்க அப்பா கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. எனக்கும் அதுதான் ஆரம்பிச்சிடுச்சோன்னு மூணு மாசமா வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கேன். ராத்திரி தூக்கமே இல்லை. கவுண்டரையும் எடுத்துட்டீங்கன்னா, ஆமா அதேதான்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடும்."

அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் என் வீட்டுக்காரி அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். பரிசோதனை, முடிவு என்று இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கவுண்டரில் நானே நின்றேன். மாஸ்டர் "யாருது?" "யாருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாள் பத்துக்கு மூன்று சொன்னேன். எனக்கு வயதாகிவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் இத்தனை முகத்தையும் இத்தனை கறையையும் ஒருத்தி தலையில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்காரி வந்து விஷயத்தைச் சொன்னாள். மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருஷம் முன்பே உடம்பில் சுரக்கிற சிலது தாறுமாறாக ஏறி இறங்குமாம். தூக்கம் கெடும், சட்டென்று வார்த்தை வராது, மண்டைக்குள் மூட்டம் போட்ட மாதிரி இருக்கும். இவளுக்கு இரும்புச் சத்தும் குறைவு; அதற்கு மாத்திரை. அப்பாவுக்கு வந்த நோய்க்கான அறிகுறி தெரியவில்லை, இது பெரும்பாலும் மெல்லத் தெளியும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றாராம்.

"மாதவிலக்குக்கும் மண்டைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த வயசுல, குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன்னு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீங்களே, அந்தச் சம்பந்தம்தான்."

அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கூடவே வந்திருந்த மருமகள் சொன்னாள். "மாமா, நான் கவுண்டர்லேயே இருக்கேன். ஆனா நாமளும் சீட்டு போட்டுடலாம்."

"முப்பத்தாறு வருஷமா சீட்டில்லாம நடந்த கடைம்மா இது!"

"பெருமை உங்களுது மாமா. சுமக்கிறது என் தலை."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. சொன்னது அவள். சீட்டு செய்யச் சொன்னேன். காகிதச் சீட்டு இல்லை. இந்தப் பக்கத்தில் எவனும் போடாத துணிச் சீட்டு, வெந்நீரில் போட்டாலும் எழுத்து அழியாது.

நாலு மாதம் ஆகிறது. டாக்டரம்மா சொன்னதில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. நேற்றுக் காலையில் வந்த ஆறு பேருக்கும் சீட்டைப் பார்க்காமலே துணியைக் கொடுத்தாள். மதியம் ஒரு பையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள், சீட்டைத் திருப்பிப் படித்தாள், கொடுத்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலை மாமா. சாயங்காலமா கேளுங்க" என்றாள்.