மல்லிகைக்குக் கொல்லத் தெரியாது

பூ எண்ணெய் கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். முதலாளியின் ஆசைக்கு விஞ்ஞானம் செய்த அன்பர்களே, என் வேதனை உங்களுக்குத்தான் புரியும். அறுபதுகளின் தொடக்கம், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனி. மல்லிகை எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று மொத்த வியாபாரி காதர் பாயிடம் முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதலாளி சொன்னார்: "வெள்ளிக்கிழமை பாய் வர்றாரு. கிருமி சாகலன்னா நீ வேற வேல பாத்துக்க."

முகர்ந்த பூ

மல்லிகை எண்ணெயின் உயிரே வாசனைதான். முகராமல் எப்படி வாங்குவது? கோயிலடிப் பூக்கடையில் குனிந்து கூடைக்குள் மூக்கை வைத்தேன். சாமிக்குப் போகும் பூவை முகரலாமா? பூக்காரர் பதறிப்போனார். "கூட முழுக்க ஒங்களுக்குத்தாண்ணே. சாமிக்கு இனி ஆகாது."

இண்டோல்

மல்லிகை வாசனையில் இண்டோல் என்றொரு பொருள் துளி உண்டு. துளியாக இருக்கும்வரை மல்லிகை. தனியாகப் புட்டியில் இருந்தால் கக்கூஸ் வாளி. தெரியட்டுமே என்று முதலாளியிடம் நீட்டினேன். முகர்ந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என் பொண்டாட்டி இதத் தலையில வச்சுக்கிட்டா கோயிலுக்குப் போறா?"

அகார் அகார்

கிருமி வளர்க்க, இறைச்சிச் சாற்றில் அகார் அகார் என்ற கடற்பாசியைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்ற வேண்டும். நம் ஊரில் அதே அகார் அகாரில் சீனி போட்டுப் பலகாரம் செய்வார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆறட்டும் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்பினால், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அந்தோணி கரண்டியோடு நிற்கிறார். இனிப்பைத் தேடி ஒவ்வொரு தட்டிலும் ஒரு வாய் தோண்டியிருந்தார். நல்லவேளை, கிருமியை இன்னும் தடவவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் மறுபடி காய்ச்ச வேண்டுமே என்று எனக்கு அழுகையே வந்தது. அவருடைய வருத்தம் வேறு. "அகார் அகார்ல யாரு லா மட்டன் சூப் ஊத்துனது?"

காதர் பாய் வந்தார்

எண்ணெயில் நனைத்த காகித வில்லைகளைக் கிருமித் தட்டில் வைத்தால், கிருமி செத்த இடம் தெளிவான வளையமாகத் தெரியும். மல்லிகை வில்லையைச் சுற்றிக் கிருமிகள் குடித்தனமே நடத்தின. ஒப்பிட வைத்திருந்த கிராம்பு எண்ணெயைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. அதிலுள்ள யூஜினால் என்ற சரக்கு பொல்லாதது. கிராம்பும் பூமொட்டுதானே என்று முதலாளி அதையே சோப்பில் ஊற்றச் சொன்னார்.

பாய் சோப்பை முகர்ந்தார். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். "இது பல்லு டாக்டர் கட வாசனயாச்சே! சோப்பு வேணாம். பல்பொடியாக் குடுங்க, எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கிறேன்."

என் வேலை நிலைத்தது, மகன் பிறந்தான், பல்பொடி டப்பாவில் மட்டும், சோப்புக்கென்று வரைந்திருந்த, தலை நிறைய மல்லிகை வைத்த ஒரு பெண் பல்லைக் காட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.