அம்பாசடர் குடித்த பெட்ரோல்

என் வீட்டுக்காரர் உக்கிரபாண்டியைப் பற்றி எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, கூட வாழ்ந்து பார்த்தால் அல்லவா தெரியும்! வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரியே இருப்பார். ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் நான் சோறு வடித்துக் குழம்பையும் இறக்கிவிடுவேன். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன்.

அவரைப் பெற்றவர்கள் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். இவர்தான் முதலில் காட்டை விட்டு ரோட்டுக்கு வந்தவர். டிரைவிங் பழகி, அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்த சௌந்தரபாண்டியன் முதலாளி வீட்டில் கார் ஓட்டச் சேர்ந்தார். வெள்ளை அம்பாசடர். பதினோரு வருஷம் அந்த வண்டிக்கு இவர், இவருக்கு அந்த வண்டி. எனக்குக்கூட அப்படி ஒரு துடைப்பும் கவனிப்பும் கிடைத்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று ஆறுதான் போனது. ஒரு மாதம் பார்த்தார் முதலாளி. இரண்டு மாதம் பார்த்தார். மூன்றாம் மாதம் கடை வாசலில், மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டார்.

"ஏலே, டேங்குல ஓட்டை இல்ல. கீழயும் ஒழுகல. பெறகு பெட்ரோலு எங்கல போகுது?"

இவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தோடு வேலையும் போச்சு, பேரும் போச்சு. டவுனில் ஒரு வீட்டிலும் டிரைவர் வேலைக்குச் சேர்க்கவில்லை. பந்தல்குடியில் லாரிக்குப் போய், உடம்பு தேய்ந்து, பிறகு லோனில் ஒரு லோடு ஆட்டோ எடுத்தார். எங்கள் மகள் சுகந்தியைப் பெண் பார்க்க வந்த இடத்தில்கூட ஒரு ஆள், "பெட்ரோலு உக்கிரபாண்டி மகளா?" என்று கேட்டான். நான் காபித் தட்டை அங்கேயே கீழே வைத்துவிட்டு அவர்களைக் கிளம்பச் சொன்னேன். அது வேறு கதை.

போன வருஷம் முதலாளி இறந்துபோனார். அவர் மகன் சங்கர் குடோனைக் காலி பண்ணும்போது, அந்த அம்பாசடரைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். இவர் போய்க் கேட்டிருக்கிறார். அவர்களும் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் டிராக்டரில் கயிறு கட்டி, தூசியும் துருவுமாக அதை எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தார். எனக்குக் கோபம் தலை உச்சி வரைக்கும் ஏறியது.

"திருடன்னு பட்டம் கட்டுன வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துறீகளே, ஒங்களுக்குச் சூடு சொரணை இருக்கா?"

"கார்ப்பரேட்டரக் கழட்டிப் பாக்கணும்" என்றார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "வண்டி குடிச்சுச்சா நான் குடிச்சேனான்னு தெரிஞ்சிரும்" என்றார்.

கார்ப்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். கை அகலம்தான் இருக்கும். அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த வீட்டில் டிரைவர் எஞ்சினில் கை வைக்கக் கூடாது என்பது சட்டமாம். ஓட்டலாம், துடைக்கலாம், திறக்கக் கூடாது.

கொல்லையில் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். லோடு இல்லாத மதியமெல்லாம் அதே வேலை. கருப்பாகப் பிசின் பிடித்துக் கிடந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி பெட்ரோலில் ஊறப்போட்டார். காற்றுத் தகட்டைத் திருப்புகிற தண்டு தேய்ந்து லொடலொட என்று ஆடியது. "இதுதானே, இதுதானே?" என்று நான் குதித்தேன். இல்லையாம். ஓட ஓட எல்லா வண்டிக்கும் வருகிற தேய்மானமாம், திடீரென்று நாலு கிலோமீட்டர் குறைய அது காணாதாம். லேத்துப் பட்டறையில் பித்தளையில் புஷ் என்கிற வளையம் கடைந்து வாங்கி அதைச் சரி பண்ணினார். பெட்ரோல் வருகிற துளைகளை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவையும் சரியாகவே இருந்தன. பெட்ரோல் வழியை மூடித் திறக்கிற ஊசியும் சரி.

ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க இந்த மனுசன் முகம் செத்துப்போனது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். வண்டியில் குற்றம் இல்லையென்றால் குற்றம் யார்மேல்?

புதுச் சாமான் செட்டு வாங்க மதுரைக்குப் போன அன்றைக்கு, அவருக்கு ஏதாவது செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. கழற்றிப் போட்டதில் பாதி பித்தளை. பித்தளைக்குப் புளி, இது தெரியாதா எனக்கு? எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பேசினில் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் பறக்கப் பறக்கத் தேய்த்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் பேசினைப் பார்த்தார். பித்தளை பளபளத்தது. ஆனால் கார்ப்பரேட்டரின் உடம்புப் பகுதி பித்தளை இல்லையாம். அடுப்புச் சட்டி மாதிரி கறுத்துப்போயிருந்தது.

"அடிப்பாவி! யாரக் கேட்டுடி கை வச்ச?"

முப்பது வருஷத்தில் இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. பதிலுக்கு நாலு வாங்கு வாங்கலாம் என்று திரும்பினால், ஆள் பேசினுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார்.

அது மிதவை. கார்ப்பரேட்டருக்குள் ஒரு குட்டித் தொட்டி உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து வழியை அடைக்க வேண்டும், நம் வீட்டு மேல்தொட்டியில் இருக்கிற பந்து மாதிரி. பிசின் கட்டி என்று அவர் நினைத்திருந்த இடத்தில், நான் தேய்த்த தேய்ப்பில், மஞ்சள் பித்தளைமேல் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சுண்டைக்காய் அளவுக்கு ஈயம். யாரோ ஓட்டையை அடைக்க ஈயத்தை அப்பியிருந்தார்கள்.

"சுகந்திக்குக் காது குத்துனப்ப பத்து நாள் லீவு போட்டேன்ல" என்றார். "அப்பத்தான் முதலாளி வண்டிய சர்வீஸுக்கு விட்டாக. நான் திரும்பி வந்ததுல இருந்துதான் குடிச்சுச்சு."

பையிலிருந்து புது மிதவையை எடுத்தார். "கண்ண மூடு. ரெண்டு கையையும் நீட்டு."

நான் டவுனில் கமிஷன் கடையில் பதினெட்டு வருஷம் மல்லியும் வத்தலும் பொட்டலம் போட்டவள். ஐம்பது கிராம் பொட்டலத்துக்கு நான் தராசைத் தேடியதில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்தார். வைத்த உடனே தெரிந்துவிட்டது.

"எடது கையில இருக்கது நாலஞ்சு கிராம் கூட" என்றேன்.

"அதான் பழசு. பாரத்துல மேல வரமாட்டாமக் கெடந்துருக்கு. தொட்டி நெறஞ்சு வழிஞ்சு எஞ்சினுக்குள்ள போயிருக்கு. வெளிய எப்படி ஒழுகும்?"

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஐயோ, இந்தச் சுண்டைக்காய்க்கா என் மனுசன் திருடன் ஆனார்!

"கெளம்புங்க" என்றேன். "இப்பவே கோகிலாம்பாள் அம்மா வீட்டுக்குப் போவோம். முதலாளி போனா என்ன, அவுக வீட்டம்மா இருக்காகள்ல? அவுக கையில இந்த ரெண்டையும் வைக்கணும்."

அவர் சாக்கில் உட்கார்ந்து புது மிதவையை மாட்டத் தொடங்கினார்.

"அவுகளுக்கு எதுக்கு? முதலாளி சந்தேகப்பட்டாரு, வேல போச்சு. வேற வேல பாத்துக்கிட்டேன்." திருப்புளியைக் கீழே வைத்தார். "நீயும் கேட்டேல்ல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு அடுப்பங்கரை வாசலில் நின்று நான் இவரிடம் கேட்டேன். எடுத்தீகளா என்றுகூடக் கேட்கவில்லை. "கொஞ்சமா எடுத்தீகளோ?" என்று கேட்டேன். இவர் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டார். எடுத்திருப்பார் போல என்று நானே முடிவு கட்டி, டவுன்காரர்கள் வாயோடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் அதே நினைப்போடு இவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

"எடுக்கலன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா நம்பிருப்பியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டேன்" என்றேன்.

"அதான் சொல்லல."

"தப்புத்தாங்க. எம்மேலதான் தப்பு. இப்ப நம்புறேன், சாமி சத்தியமா நம்புறேன்."

"இப்ப நம்புறதுக்கு என்ன இருக்கு, தங்கமாரி? அதான் கையில எடை பாத்துட்டியே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.